பின் ஸ்பிரிங் எத்தனை பவுண்டு?

ஆசிரியர் என்னிடம் கட்டுரை கேட்டபோதே, "பொங்கல் விழாவைப் பற்றியோ மெஸ் ரசத்தைப் பற்றியோ எழுதிவிடாதே, இரண்டும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றன" என்று எச்சரித்தார். சரி என்று தலையாட்டிவிட்டு, மோட்டார் வண்டியின் பின் ஸ்பிரிங்கைப் பற்றி எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். தலைப்பைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார். "தமிழ்ச் சங்கத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்றார்.

சம்பந்தம் இருக்கிறது. நான் முதன்முதலாக இந்த ஊர் ஸ்டேஷனில் பெட்டியும் படுக்கையுமாக விழித்துக்கொண்டு நின்றபோது, கூட்டத்தில் தேடி வந்து, "தம்பி, தமிழா?" என்று கேட்டுக் கைப்பெட்டியை வாங்கிக்கொண்டவர் ஓர் அண்ணன். அப்போது நம் சங்கத்தின் செயலாளர். இப்போது அமெரிக்காவில் உத்தியோகம். அந்த அண்ணனும் அண்ணியும் ஒரு மழை மாலையில் உயிர் தப்பினார்கள். அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது அவர்களுடைய வண்டியின் பின்புறத்தில் குறைந்துபோன சில மில்லிமீட்டர் இடம். அதைச் சரிசெய்வதாகச் சொல்லிக்கொண்டு அவர் செய்யப் புகுந்த காரியமோ முன்னதைவிட மோசமானது. இதைப் பற்றிச் சங்கத்து மலரில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

அண்ணன் வாங்கியது பழைய மஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டி. இரண்டே இருக்கை, மேலே துணிக்கூரை, எஞ்சின் முன்னால், உந்துவது பின் சக்கரங்கள், எடை சற்றேறக்குறைய 960 கிலோ. 1960-களில் இங்கிலாந்து செய்த சின்னஞ்சிறு விளையாட்டு வண்டிகள் வழக்கொழிந்துபோன காலத்தில், ஜப்பானியர் அதே இலக்கணத்தை எடுத்து, எண்ணெய் ஒழுகாமல் செய்து காட்டினார்கள். நான்கு சக்கரத்துக்கும் இரட்டைக் கைத் தாங்கல். கையில் பணமும் மனத்தில் இளமையும் உள்ள எவரும் ஆசைப்படக்கூடிய வண்டிதான். அண்ணனை நான் குறை கூறவில்லை.

வாங்கிய கையோடு வண்டியைத் தாழ்த்தினார். உயரத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர்களை நான்கு பக்கமும் மாட்டி, முன்னால் 450 பவுண்டு, பின்னால் 300 பவுண்டு ஸ்பிரிங் வைத்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்படி கீழே இறக்கிவிட்டார். (ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அழுத்த எத்தனை பவுண்டு பாரம் வேண்டுமோ, அதுவே கடையில் அதன் பெயர்.) படம் அனுப்பினார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் மேடு பள்ளம் வந்தால் பின்னால் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கிறது என்று அப்போதே சொன்னார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; தேர்வு சமயம்.

பிறகு அந்த மழை வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற வளைவுப் பாதை. வேகம் ஒன்றும் அதிகமில்லை என்கிறார். வளைவின் நடுவே பாலத்தின் இணைப்பு ஒன்று சாலையின் குறுக்கே சிறு மேடாக நிற்கிறது. பின் சக்கரம் அதன்மேல் ஏறியதும் "டக்". அடுத்த கணம் வண்டியின் பின்புறம் வெளியே வீசி, வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அண்ணி ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கி நடந்தாராம். அன்று முதல் அந்த வண்டியில் அவர் ஏறவில்லை.

ஒரு வாரம் கழித்து அண்ணனிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது: "தம்பி, பின்னால் அடிதட்டுவதுதான் காரணம். ஸ்பிரிங் பற்றவில்லை. 500 பவுண்டு போட்டால் தட்டாது என்று கடையில் சொல்கிறார்கள். நீ மெக்கானிக்கல் படிக்கிறவன். போடலாமா?"

கேள்வி ஒரு வரி. பதில் எழுத எனக்கு இரண்டு இரவு ஆயிற்று.

அண்ணனும் கடைக்காரரும் சொன்னதில் பாதி உண்மை. அடிதட்டுவதுதான் காரணம். வண்டியைத் தாழ்த்தும்போது நாம் உயரத்தை மட்டும் குறைப்பதில்லை. சக்கரம் மேலே எழும்ப வேண்டிய இடத்தையும் தின்றுவிடுகிறோம். அந்த இடத்தின் எல்லையில் ரப்பர் முட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பலர் வெறும் தடை என்று எண்ணுகிறார்கள். அதுவும் ஒரு ஸ்பிரிங்தான். ஆனால் மகா முரட்டு ஸ்பிரிங். சக்கரம் அதைத் தொட்ட கணத்தில் அந்த மூலையின் விறைப்பு பன்மடங்காகிவிடும். வளைவின் நடுவில், ஈரத்தில், பின்பக்கத்து வெளிச்சக்கரத்துக்கு இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அண்ணியைக் கேளுங்கள்.

ஆக, நோய் விளங்குகிறது. மருந்துதான் தகராறு. "முட்டில் இடிக்கிறது, ஆகவே விறைப்பைக் கூட்டு" என்பது கேட்பதற்கு நியாயமாகவே படுகிறது. எத்தனை கூட்டுவது? 500 என்ற எண் எங்கிருந்து வந்தது? அண்ணனைக் கேட்டேன். "எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்" என்றார். எல்லோரும் என்பவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஸ்பிரிங்கின் பவுண்டுக் கணக்கு சக்கரத்துக்குத் தெரியாது. ஸ்பிரிங் நிற்பது சக்கரத்தின் தலைக்கு நேரே அல்ல. கைத் தாங்கலின் நடுவில் எங்கோ நிற்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர்தான் அழுந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெம்புகோல் இங்கே இரண்டு முறை வரி வாங்குகிறது: நகர்ச்சியில் ஒரு முறை, விசையில் ஒரு முறை. ஆகவே 0.7-ஐ அதனாலேயே பெருக்க வேண்டும், 0.49. ஸ்பிரிங்கின் விறைப்பில் பாதிக்கும் சற்றுக் குறைவுதான் சக்கரத்துக்கு வந்து சேருகிறது.

இதை அளப்பதற்குப் பெரிய சாதனம் வேண்டாம். வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வெறும் ஷாக் அப்சார்பரை மறுபடி மாட்டி, சக்கரத்தை ஜாக்கியால் 30 மில்லிமீட்டர் தூக்கி, ஷாக் அப்சார்பர் எத்தனை குறைந்தது என்று அளந்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அண்ணனைச் செய்யச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார். பின்னால் 21 மில்லிமீட்டர், அதாவது 0.7. முன்னால் 0.65. அதோடு, இப்போதைய உயரத்திலிருந்து பின் சக்கரம் முட்டைத் தொடுவதற்கு இருக்கும் இடத்தையும் அளக்கச் சொன்னேன். 30 மில்லிமீட்டர்! தீப்பெட்டியின் அகலத்தை விடக் கொஞ்சம் பிழைத்தது. அமெரிக்கச் சாலையாக இருந்ததால் இத்தனை நாள் ஓடியது. நம் விடுதி வாசலிலுள்ள வேகத்தடையை அந்த வண்டி தாண்டியிராது. (வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதித்திருக்கிறது. அந்த அளவில் கட்டிய வேகத்தடை இந்த வளாகத்தில் எங்கே இருக்கிறதென்று யாராவது காட்டினால் டீ வாங்கித் தருகிறேன்.)

இனிக் கணக்கு. பின் சக்கரம் ஒன்றின் மேல், ஸ்பிரிங் தாங்குகிற பாரம் சுமார் 210 கிலோ. இப்போதுள்ள 300 பவுண்டு ஸ்பிரிங், சக்கரத்தில் 147 பவுண்டாகிறது. நம் கணக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு 2.6 கிலோ. 30 மில்லிமீட்டர் முழுவதையும் தின்ன 79 கிலோ கூடுதல் பாரம் போதும். வளைவில் வெளிச்சக்கரத்தின் மேல் சாய்கிற பாரமே இதில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பாலத்து மேடும் வந்தால் முட்டில் இடிப்பதில் என்ன ஆச்சரியம்?

500 பவுண்டு போட்டால்? சக்கரத்தில் 245 பவுண்டு; மில்லிமீட்டருக்கு 4.4 கிலோ, 30 மில்லிமீட்டருக்கு 131 கிலோ. கடைக்காரர் வென்றுவிட்டார் போலத் தோன்றுகிறது.

இப்போது வேறொன்று செய்து பாருங்கள். வண்டியின் பின்புறத்தை 15 மில்லிமீட்டர் உயர்த்துங்கள். திருகினால் உயர்கிற ஷாக் அப்சார்பர்தானே, காசில்லாத வேலை. இடம் 45 மில்லிமீட்டர் ஆகிறது. ஸ்பிரிங்கை 350 பவுண்டுக்கு மாற்றுங்கள். சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 3.06 கிலோ. நாற்பத்தைந்தால் பெருக்குங்கள்: 138 கிலோ! ஐந்நூறு பவுண்டு தந்த பாதுகாப்பை விட 7 கிலோ அதிகம். அதுவும் முரட்டுத்தனம் இல்லாமல். என் அபிப்பிராயம் முழுவதும் இந்த ஒரு பெருக்கலில் அடங்கிவிடுகிறது. தாழ்த்திய வண்டிக்குப் பின் ஸ்பிரிங் தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது ஸ்பிரிங்கை அல்ல, இழந்த இடத்தை. இடத்தை மீட்டுக்கொண்ட பிறகு கூட்ட வேண்டிய விறைப்பு, அவர் கூட்ட நினைத்ததில் கால் பங்குதான்.

"இரண்டும் ஒரே பாதுகாப்பு என்றால் 500-தான் இருக்கட்டுமே; வண்டி தாழ்வாகவும் இருக்கும், தட்டவும் தட்டாது" என்று அண்ணன் விடவில்லை. இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

வண்டி வளையும்போது உள்பக்கத்துச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துச் சக்கரங்களுக்குப் பாரம் பெயர்கிறது. மொத்தம் எவ்வளவு பெயர வேண்டும் என்பதை நிர்ணயிப்பது கனமையத்தின் உயரமும், சக்கரங்களின் இடைவெளியும், வளைவின் கடுமையும். ஸ்பிரிங்குக்கு அதில் அநேகமாகப் பேச்சே இல்லை. ஆனால் அந்த மொத்தத்தை முன் ஜோடிக்கும் பின் ஜோடிக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதில் ஸ்பிரிங்தான் நாட்டாண்மை. எந்தப் பக்கம் விறைப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கம் பெரும் பங்கைத் தாங்கும். தாங்குவது நல்லதுதானே என்றால், அல்ல. டயரின் பிடி, பாரம் கூடுகிற அதே விகிதத்தில் கூடுவதில்லை. பாரம் இரட்டித்தால் பிடி இரட்டிக்காது. ஆகவே ஒரு ஜோடியில் ஒரு டயர் அதிகமாகச் சுமந்து மற்றது காலியாக நின்றால், அந்த ஜோடியின் மொத்தப் பிடி குறைந்துபோகும். பின்புறத்தை விறைக்க வைத்தால் பின் ஜோடியின் பிடி குறையும், வாலை வீசும்.

அண்ணன் வண்டியில் ஸ்பிரிங்குகளின் பங்கை மட்டும் பார்த்தால், முன்னால் சக்கரத்தில் 190 பவுண்டு, பின்னால் 147. பின்புறத்தின் பங்கு நூற்றுக்கு 44. பின்னால் 500 போட்டால் அது 56 ஆகிவிடும். ஏற்கெனவே ஈரத்தில் வாலை வீசிப் பெண்சாதியை நடக்க வைத்த வண்டி! முன்பு முட்டில் இடித்த கணத்தில் மட்டும் நேர்ந்த விபரீதம், இனி ஒவ்வொரு வளைவிலும் காத்திருக்கும். இடிக்கிற சத்தம் நின்றுபோகும். அதனால் எச்சரிக்கையும் நின்றுபோகும். 350 போட்டால் பங்கு 47. ஓரளவு கூடத்தான் செய்கிறது; அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓட்டுகிறவர் கைக்கு அடங்கிய கூடுதல்.

அந்த 500 எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பின்னால் விறைப்பு வை, வண்டி நன்றாகத் திரும்பும் என்ற உபதேசம் முன் சக்கரங்கள் உந்துகிற வண்டிக்காரர்களின் வீட்டிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அந்த வண்டிகளில் எஞ்சினும் கியரும் முன்னால்; இழுப்பதும் முன் சக்கரம், திருப்புவதும் முன் சக்கரம். அவை வளைவில் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு போகும். அதைத் திருத்தப் பந்தயக்காரர்கள் பின்புறத்தை முன்புறத்தைவிட விறைப்பாக்குவது உண்டு. பின்னால் உள்சக்கரம் அந்தரத்தில் தூக்கி நின்றாலும் அங்கே நஷ்டமில்லை, அது எதையும் உந்துவதில்லை. அங்கே அது சாமர்த்தியம். பின் சக்கரம் உந்துகிற வண்டியில் அதே உபதேசத்தைப் பின்பற்றினால், உள்சக்கரம் பாரமிழந்து வெறுமனே சுழலும்; கொடுத்த பெட்ரோல் புகையாகும்; கொஞ்சம் அதிகமாக மிதித்தால் வண்டியே சுழலும். ஒரு வீட்டுப் பத்தியம் இன்னொரு வீட்டில் விஷமாவது இப்படித்தான்.

பந்தயக்காரர்களே என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் இதே எம்எக்ஸ்-5 வண்டிகளுக்கென்றே ஸ்பெக் மியாட்டா என்று ஒரு பந்தயப் பிரிவு நடக்கிறது. மியாட்டா என்பது அங்கே இதற்குப் பெயர். எல்லோரும் ஒரே ஸ்பிரிங் போட வேண்டும் என்பது விதி. முன்னால் 700 பவுண்டு, பின்னால் 325! பாதிக்கும் குறைவு. பந்தயத்தில் உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு 325 போதுமென்றால், கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போகிற அண்ணனுக்கு 500 எதற்கு? இதைச் சொன்னபோதுதான் அண்ணன் முதல் தடவையாகச் சற்று அசைந்தார். கணக்கு அசைக்காததைப் பந்தயக்காரர் பெயர் அசைத்தது.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நல்ல சாட்சி உண்டு. அவரை மறைத்துவிட்டு வாதாடுவது முறையல்ல. மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்தவர், 1930-களில் ஒரு விஷயத்தைக் கண்டு சொன்னார். ஒவ்வொரு வண்டியும் தன் ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு இத்தனை முறை என்று ஒரு தாளத்தில் ஆடும். சாலையின் மேட்டை முதலில் சந்திப்பது முன் சக்கரம். பின் சக்கரம் சிறிது பொறுத்துத்தான் சந்திக்கிறது. பின்புறத்தின் தாளம் முன்புறத்தைவிடச் சற்றுத் துரிதமாக இருந்தால், பின்தங்கியது முன்னதை எட்டிப் பிடித்து, இரண்டும் சேர்ந்து அடங்கும்; வண்டி குதிரைபோல் முன்னும் பின்னும் தலையாட்டாது. ஆகவே பின்புறம் விறைப்பாக இருக்க வேண்டும் என்கிற கட்சிக்கு ஆலி துணை நிற்கிறார்.

அண்ணன் வண்டியின் தாளம் முன்னால் நொடிக்கு 2 முறை; பின்னால் 300 பவுண்டில் 1.76, 350 பவுண்டில் 1.9, 500 பவுண்டில் 2.27. (சாதாரணக் குடும்ப வண்டிகள் 1-க்கும் 1.5-க்கும் நடுவே ஆடும்.) ஆலியின் வாக்கை எழுத்துக்கு எழுத்து ஏற்றால் 500-க்குச் சற்றுக் குறைவாகத்தான் வருகிறது! நானும் ஓர் இரவு முழுதும் இதில் மாட்டிக்கொண்டு தூங்கவில்லை. பிறகுதான் விளங்கிற்று: ஆலி சொன்னது இரு தாளங்களின் உறவைப் பற்றி, பின்னதை ஏற்றித்தான் அந்த உறவை அமைக்க வேண்டுமென்பதில்லை, முன்னதை இறக்கியும் அமைக்கலாம். முன் ஸ்பிரிங்கை இளக்கிவிட்டு, வளைவில் மட்டும் வேலை செய்கிற ஆன்டி ரோல் பாரை முன்னால் தடிப்பாக்கினால், மேட்டில் மென்மையும் வளைவில் விறைப்பும் தனித்தனியே கிடைக்கும். அதுதான் என் மனத்துக்கு உகந்த வழி. ஆனால் அதற்கு முன் ஸ்பிரிங், பார் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். அண்ணிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அண்ணன், நானல்ல. தவிர, நல்ல ஷாக் அப்சார்பர் இருந்தால் இரண்டாவது ஆட்டத்துக்கே இடமில்லை. அந்தத் தலையாட்டல் அவ்வளவாகத் தெரியாது. வால் வீசினால் தெரியும்.

ஷாக் அப்சார்பரைச் சொன்னேன். ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள் அதை மறந்துபோகிறார்கள். ஸ்பிரிங் சேமித்து வைத்த சக்தியைத் திரும்பிவரும்போது அடக்குவது அதன் பொறுப்பு. ஸ்பிரிங்கின் விறைப்பு நூற்றுக்கு 60 கூடினால் அடக்கும் வலுவும் நூற்றுக்கு 26 கூட வேண்டும். இல்லையேல் வண்டி ரப்பர்ப் பந்தாகத் துள்ளும். 350-க்கு அண்ணனிடம் இருந்த திருகே போதுமாயிருந்தது. 500-க்குப் புது ஷாக் அப்சார்பர் வாங்க நேர்ந்திருக்கும். கடைக்காரர் இதை ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் நான் புத்தகத்தில் படித்து ஒப்பிக்கவில்லை. நம் பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஆண்டுதோறும் தாமே ஒரு சிறு பந்தய வண்டி கட்டுகிறார்கள். பணிமனைக் கொட்டகையில் நள்ளிரவில் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். போட்டி நடப்பது நம் கோயமுத்தூரில், செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில். ஊருக்குப் போக நல்ல சாக்கு என்று நானும் ஒட்டிக்கொண்டேன். இவ்வகைப் போட்டிகளில், ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் சக்கரத்துக்குக் குறைந்தது 50 மில்லிமீட்டர் ஓட்டம், அதில் 25 மேல்நோக்கி இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். வழவழப்பான பந்தயத் தரையில் ஓடுகிற வண்டிக்கே அப்படி! அங்கே எட்டுப் போடுகிற சோதனைக்கு முன், எங்கள் குழுவில் ஒருவர் பின் ஸ்பிரிங்கை மட்டும் ஒரு படி விறைப்பாக்கிப் பார்த்தார். ஓட்டிய தோழர் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி, பிராமணார்த்தமாக ஒன்றும் பேசாமல், ஸ்பானரைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பழைய ஸ்பிரிங்கை மறுபடி மாட்டினோம்.

இனி நம் வளாகத்துக்கு வருகிறேன். இங்கே விளையாட்டு வண்டி வைத்திருப்பவர் எவருமில்லை; ஆனால் அண்ணனிடமோ அப்பாவிடமோ வாங்கிய பழைய வண்டியைத் தாழ்த்திக்கொண்டு திரிகிற நண்பர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்கள் புது ஸ்பிரிங்கும் வாங்குவதில்லை. கடைவீதிப் பட்டறையில் காஸ் கட்டரால் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தெறிந்துவிடுகிறார்கள். எட்டுச் சுற்றில் ஒன்று போனால் விறைப்பு நூற்றுக்கு 14 கூடுகிறது, உண்மை. ஆனால் இடம் அதைவிட வேகமாகக் குறைகிறது. அறுத்த இடத்தில் பட்ட சூட்டால் எஃகின் பதம் வேறு கெடுகிறது. அண்ணனாவது காசு செலவழித்து அபாயத்தை வாங்கினார். இவர்கள் நூறு இருநூறுக்கு வாங்குகிறார்கள். சட்டமும் இவர்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பின், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கலாம். சட்டத்துக்குப் பயந்து எவரும் இங்கே நிறுத்தியதாக நான் பார்த்ததில்லை. ஆகவேதான் சட்டத்தைக் கடைசியிலும் மில்லிமீட்டரை முதலிலும் எழுதினேன்.

அண்ணன் கதைக்கு வருவோம். பத்து நாள் பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் என்றே எண்ணினேன். பிறகு ஒரு ஞாயிறன்று செய்தி வந்தது. 350 பவுண்டு ஸ்பிரிங் போட்டாயிற்று. பின்னால் 15 மில்லிமீட்டரும் முன்னால் 10 மில்லிமீட்டரும் ஏற்றியாயிற்று. ரப்பர் முட்டுகளும் மெல்ல மெல்ல இறுகுகிற நுரை வகைக்கு மாற்றியாயிற்று. முதலில் காய்ந்த தரையில், பிறகு தூறலில், அதே வளைவில் தனியாகப் போய்வந்தாராம். பாலத்து மேட்டில் சத்தமில்லை. மூன்றாம் முறை அண்ணி தாமாகவே வந்து உட்கார்ந்தார். கதவுப் பிடியை மட்டும் கடைசிவரை விடவில்லை.

வண்டியின் படத்தையும் அனுப்பியிருந்தார். அதன் கீழே ஒரு வரி: "எல்லாம் சரி தம்பி, ஆனால் மட்கார்டுக்குள் இப்போது மூன்று விரல் போகிறது. பார்க்கச் சகிக்கவில்லை."